பதக்கம் ரத்தத்தில் விளைவதில்லை

ஒலிம்பிக் பந்தயங்கள் நடக்கும் நாட்களில் டீக்கடை பெஞ்சிலும், மில் கேட்டிலும், களத்துமேட்டிலும் ஒரே கேள்விதான் எழுகிறது. "நூற்று நாற்பது கோடி ஜனங்கள் இருக்கிறோம். ஒரு தங்கம் வாங்க நம்மில் ஆள் இல்லையா?"

கேள்வி நியாயமானது. 2024-ம் ஆண்டு பாரீஸ் ஒலிம்பிக்கில் இந்தியா பெற்றவை ஒரு வெள்ளி, ஐந்து வெண்கலம். தங்கம் ஒன்றுகூட இல்லை. அதே பாரீஸில் கென்யா 4 தங்கம் உட்பட 11 பதக்கங்களை வென்றது. பதினொன்றும் ஓட்டப் பந்தயங்களில் வந்தவை. தென் கொரியா வில்வித்தையில் இருந்த 5 தங்கங்களையும் அள்ளியது. சீனா மேஜைப் பந்தில் இருந்த 5 தங்கங்களையும் எடுத்துக்கொண்டது. நம்முடையது என்று நாம் பெருமை பேசி வந்த ஹாக்கியில் ஆண்கள் தங்கம், பெண்கள் தங்கம் இரண்டையும் ஹாலந்து கொண்டுபோனது. அந்த நாட்டின் ஜனத்தொகை இரண்டு கோடிக்கும் குறைவு.

ஒவ்வொரு தேசத்துக்கும் ஒவ்வொரு விளையாட்டு வாய்த்தது எப்படி? ஓட்டம் என்றால் கென்யா, ஜமைக்கா. நீச்சல் என்றால் அமெரிக்கா, ஆஸ்திரேலியா. பனிச்சறுக்கு என்றால் நார்வே. இது எங்கிருந்து வந்தது?

இதற்குப் பெரிய மனிதர்கள் பலர் சுலபமான பதில் ஒன்றை வைத்திருக்கிறார்கள். "அது அவர்கள் ரத்தத்தில் இருக்கிறது, நம் ரத்தத்தில் இல்லை" என்கிறார்கள். இன்னும் சிலர், "நம் ஜனங்கள் சோம்பேறிகள், சோறு தின்று பழகியவர்கள்" என்று தீர்ப்பே சொல்லிவிடுகிறார்கள். விடியற்காலை நாற்று நடவில் குனிந்து பொழுது சாயும்போது நிமிரும் பெண்ணைப் பார்த்து, எட்டு மணி நேரம் தறியின் முன் நின்றுகொண்டே வேலை பார்க்கும் தொழிலாளியைப் பார்த்துச் சோம்பேறி என்று சொல்லத் துணிச்சல் வேண்டும்! இந்தப் பதில் சரிதானா என்று நாம் சரித்திரத்தைப் பார்த்தே தீர்மானிப்போம்.

ரத்தம் வற்றிப் போயிற்றா?

தூர ஓட்டம் இன்று ஆப்பிரிக்கர்களின் சொத்து என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நூறு வருஷங்களுக்கு முன் அப்படி யாரும் நினைக்கவில்லை. அன்று தூர ஓட்டம் என்றால் பின்லாந்து.

1912-ம் ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் கோலெமைனென் என்ற பின்லாந்துக்காரர் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், காட்டு வழி ஓட்டம் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்றார். அவருக்குப் பின் பாவோ நூர்மி வந்தார். 1920, 1924, 1928 ஆகிய மூன்று ஒலிம்பிக்குகளில் 9 தங்கங்களைக் குவித்தார். 1912 முதல் 1936 வரை 10,000 மீட்டர் ஓட்டம் ஆறு தடவை நடந்தது. ஐந்து தடவை தங்கம் பின்லாந்துக்கே. 1936-ல் அந்த ஓட்டத்தின் தங்கம், வெள்ளி, வெண்கலம் மூன்றும் அவர்களுக்கே.

அன்றைக்கும் பண்டிதர்கள் இருந்தார்கள். பின்லாந்துக்காரனின் ரத்தம் தனி, அவன் பிறவியே தனி என்று எழுதித் தள்ளினார்கள். 1972-லும் 1976-லும் லாசே வீரென் என்பவர் இரண்டு தூர ஓட்டங்களிலும் தங்கம் வாங்கினார். அதற்குப் பிறகு அந்தத் தங்கங்கள் பின்லாந்தின் பக்கம் திரும்பவில்லை. நாம் கேட்கிறோம்: பின்லாந்துக்காரனின் ரத்தம் வற்றிப் போயிற்றா?

மேஜைப் பந்தையும் பாருங்கள். 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதில் கொடிகட்டிப் பறந்தது ஹங்கேரி. 1950-களில் ஜப்பான். அதன் பிறகு சீனா. 1988 முதல் 2024 வரை ஒலிம்பிக்கில் வழங்கப்பட்ட 42 மேஜைப் பந்துத் தங்கங்களில் 37 சீனாவுக்குச் சென்றன. ரத்தம்தான் காரணம் என்றால், அது முப்பது வருஷத்துக்கு ஒரு முறை தேசம் விட்டுத் தேசம் குடிபோகுமா?

உடம்புக்குப் பங்கே இல்லை என்று நாம் சொல்லவில்லை. நெட்டையானவனுக்குக் கூடைப் பந்து எளிது; மலையில் வளர்ந்தவனுக்கு மூச்சு நீளும். ஆனால் நெட்டையானவர்களும் மலைவாசிகளும் எல்லாத் தேசங்களிலும் இருக்கிறார்கள். ஒரு தேசத்தில் மட்டும் அவர்கள் பதக்கமாக மாறுவது ஏன் என்பதே கேள்வி.

குளத்தை மூடியவர்கள்

ஒரே தேசத்துக்குள்ளேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. ஒலிம்பிக் நீச்சலில் உலகத்திலேயே மிக அதிகத் தங்கம் வாங்கிய நாடு அமெரிக்கா. ஆனால் அந்த நீச்சல் அணியில் நீக்ரோ மக்கள் என்று அன்று அழைக்கப்பட்ட கறுப்பின மக்களின் பிள்ளைகளைப் பல பத்தாண்டுகள் காண முடியாது. "கறுப்பனின் எலும்பு கனம், அவன் உடம்பு மிதக்காது" என்று அதற்கும் ரத்தக் காரணம் சொன்னார்கள்.

உண்மை என்ன? அமெரிக்க நகரங்களில் ஜனங்களின் வரிப் பணத்தில் கட்டிய பொது நீச்சல் குளங்களில் கறுப்பர்களை இறங்கவிடவில்லை. இது சட்ட விரோதம் என்று நீதிமன்றங்கள் சொல்ல ஆரம்பித்ததும், கறுப்புப் பிள்ளையும் வெள்ளைப் பிள்ளையும் ஒரே தண்ணீரில் குளிப்பதைவிடக் குளமே இல்லாமல் போகட்டும் என்று பல ஊர்களில் குளங்களையே மூடினார்கள். மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகராட்சி அப்படி மூடியது. கறுப்பின மக்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1971-ம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கம், நான்கு நீதிபதிகள் மறுபக்கம் என்று பிரிந்து, நகராட்சி செய்தது செல்லும் என்று தீர்ப்பளித்தது.

அமெரிக்காவின் கறுப்பினப் பெண் ஒருவர் நீச்சலில் தனிநபர் தங்கம் வாங்க 2016-ம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ரியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் நீச்சலில் சிமோன் மானுவெல் அதை வாங்கினார். அவர் உடம்பு நன்றாகவே மிதந்தது. மிதக்காமல் இருந்தது மூடப்பட்ட குளம்தான்.

ஊர்க் கிணற்றில் யார் தண்ணீர் எடுக்கலாம், குளத்தில் யார் இறங்கலாம் என்று காலங்காலமாகக் கட்டளை போட்டு வந்த தேசத்தில் வாழும் நமக்கு இந்தக் கதையை யாரும் விளக்கத் தேவையில்லை.

மலை மட்டும் ஓடுமா?

இனி கென்யாவுக்கு வருவோம். கென்யாவின் ஓட்டக்காரர்களில் பெரும்பாலோர் ரிஃப்ட் பள்ளத்தாக்கை ஒட்டிய மேட்டு நிலத்தில் வாழும் கலெஞ்சின் மக்கள். மாடு மேய்ப்பவர்கள், சிறு விவசாயிகள். அங்குள்ள ஈடென் என்ற சிற்றூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் ஊட்டியைவிடச் சற்று உயரம். காற்று அங்கே லேசு. அதில் ஓடிப் பழகியவனுக்குக் கீழே சமவெளியில் ஓடுவது சுமை இறக்கி வைத்தது போல் இருக்கும்.

ஆனால் உயரம் மட்டுமே போதும் என்றால் பொலிவியா அல்லவா முதலில் நிற்க வேண்டும்? அதன் லா பாஸ் நகரம் ஈடெனைவிட ஆயிரம் மீட்டருக்கும் மேல் உயரத்தில் இருக்கிறது. 2024 வரை பொலிவியா ஒலிம்பிக்கில் ஒரு பதக்கம்கூட வாங்கியதில்லை. மலை இருந்தால் போதாது. மலையில் இருப்பவனுக்கு வழி ஒன்று திறக்க வேண்டும்.

கென்யாவில் அந்த வழி எப்படித் திறந்தது? பள்ளிக்கூடங்களுக்கு இடையே ஓட்டப் பந்தயங்கள் ஒழுங்காக நடந்து வந்தன. பள்ளியில் ஜெயித்தவனைப் போலீஸும் பட்டாளமும் வேலைக்கு எடுத்துக்கொண்டன. மாதச் சம்பளமும் கொடுத்துப் பயிற்சிக்கு நேரமும் கொடுத்தன. 1963-ல் கென்யா சுதந்திரம் பெற்றது. ஐந்தே வருஷத்தில், 1968 மெக்ஸிகோ ஒலிம்பிக்கில், பட்டாளத்துக்காரரான நப்தாலி தெமு 10,000 மீட்டரில் அந்தத் தேசத்தின் முதல் தங்கத்தை வாங்கினார். போலீஸ்காரரான கிப் கெய்னோ 1,500 மீட்டரில் தங்கம் வாங்கினார். அந்த ஆண்டு தொடங்கி 2016 வரை, தடை தாண்டும் 3,000 மீட்டர் ஓட்டத்தில் கென்ய ஆண்கள் கலந்துகொண்ட ஒவ்வொரு ஒலிம்பிக்கிலும், பதினொரு தடவையும், தங்கம் அவர்களுக்கே கிடைத்தது.

1976-ல் அயர்லாந்திலிருந்து காம் ஓ'கானல் என்ற பாதிரி சகோதரர் ஈடெனில் உள்ள பள்ளிக்கூடத்துக்குப் பூகோள வாத்தியாராக வந்தார். ஓட்டப் பயிற்சி பற்றி அவருக்கு அப்போது ஒன்றும் தெரியாது. பிள்ளைகளோடு நின்று, பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார். அந்தப் பள்ளி மாணவர் பீட்டர் ரோனோ 1988-ல் 1,500 மீட்டரில் தங்கம் வாங்கினார். அவரிடம் பயின்ற டேவிட் ருடிஷா 2012-லும் 2016-லும் 800 மீட்டரில் தங்கம் வாங்கினார். பெரிய ஸ்டேடியம் இல்லை. பளிங்குத் தரை இல்லை. செம்மண் பாதை இருந்தது. விடாமல் கூட நிற்கும் ஒரு வாத்தியார் இருந்தார். ஓடி ஜெயித்தால் சோற்றுக்கு வழி உண்டு என்ற நிச்சயம் இருந்தது.

28 லட்சம் ஜனங்களே உள்ள ஜமைக்காவின் கதையும் இதுதான். அங்கே பள்ளிக்கூட ஓட்டப் பந்தயம் 1910 முதல் நடந்து வருகிறது. ஊரில் திருவிழா நடப்பது போல் தேசமே அதைப் பார்க்கக் கூடுகிறது. 1980-ல் கியூபா அந்தத் தீவுக்கு ஒரு பரிசு கொடுத்தது. அது பீரங்கியோ கப்பலோ அல்ல. தேகப்பயிற்சி ஆசிரியர்களை உருவாக்கும் ஒரு கல்லூரி. அங்கே படித்து வந்த டிரில் மாஸ்டர்கள் தீவின் பள்ளிக்கூடங்களுக்குப் போனார்கள். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்கள் 100 மீட்டர் ஓட்டத்தின் மூன்று பதக்கங்களும் ஜமைக்காவுக்கே வந்தன. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்!

இதில் கசப்பும் உண்டு. சமீப வருஷங்களில் கென்ய ஓட்டக்காரர்கள் பலர் ஊக்க மருந்து சாப்பிட்டுப் பிடிபட்டிருக்கிறார்கள். வெளிநாட்டில் ஒரே பந்தயம் ஜெயித்தால் குடும்பத்துக்கு நிலம் வாங்கலாம், தோற்றால் வெறுங்கையோடு ஊர் திரும்ப வேண்டும் என்ற நிலையில் ஏழை விவசாயியின் மகனை நிறுத்திவிட்டு, அவன் ஒழுக்கத்தை மட்டும் பேசுவது போதாது. அவன் ஓட்டத்தில் பிழைக்கும் ஏஜெண்டுகளையும் கம்பெனிகளையும் பற்றியும் பேச வேண்டும்.

கூலிக்காரனுக்கு இடமில்லை

ஓடுவதற்குக் காலும் பாதையும் போதும். ஆனால் ஒலிம்பிக்கில் உள்ள எல்லா விளையாட்டும் அப்படியல்ல. பாய்மரப் படகு, குதிரை ஏற்றம், துடுப்புப் படகு இவற்றுக்குப் பணம் வேண்டும், ஓய்வு நேரம் வேண்டும். அவற்றில் ஏழை நாடுகள் தலைகாட்டாதது ஆச்சரியமில்லை. ஆனால் ஏழை எட்டிப் பார்த்தபோது கதவைச் சாத்தியதும் உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

இங்கிலாந்தில் ஹென்லி என்ற இடத்தில் வருஷந்தோறும் நடக்கும் படகுப் பந்தயம் உலகப் பிரசித்தம். அதை நடத்திய கனவான்கள் 1879-ல் ஒரு விதி செய்தார்கள். கூலிக்குக் கைத்தொழில் செய்பவனும் உடலுழைப்புத் தொழிலாளியும் அமெச்சூர் ஆக மாட்டான். ஆகவே போட்டியிட முடியாது. படகு தள்ளிப் பிழைப்பவனை மட்டும் தடுத்தார்கள் என்று எண்ண வேண்டாம். கொத்தனாரும் கொல்லரும் ஆலைத் தொழிலாளியும் அனைவருமே விலக்கப்பட்டார்கள். உழைத்து உரமேறிய கைக்கு எதிரே தங்கள் கை நிற்காது என்ற பயமே இந்த விதிக்குள் ஒளிந்திருந்தது.

1920-ல் ஜான் கெல்லி என்ற அமெரிக்கர் ஹென்லியில் போட்டியிட மனுப் போட்டார். பிலடெல்பியா நகரத்தில் செங்கல் அடுக்கிக் கட்டடம் கட்டிய கொத்தனார் அவர். மனு நிராகரிக்கப்பட்டது. அதே வருஷம் ஆண்ட்வெர்ப்பில் ஒலிம்பிக் நடந்தது. அங்கே தனிப் படகுப் போட்டியில் பிரிட்டனின் பெரஸ்ஃபோர்டைத் தோற்கடித்துக் கெல்லி தங்கம் வாங்கினார். அன்றே இரட்டைப் படகுப் போட்டியிலும் தங்கம் வாங்கினார். 1936-ல் பெர்லின் ஒலிம்பிக்குக்கு வந்த ஆஸ்திரேலியப் படகு அணியினர் போலீஸ்காரர்கள் என்பதால் அவர்களையும் ஹென்லியில் சேர்க்கவில்லை. அதற்குப் பிறகே, 1937-ல், விதி மாற்றப்பட்டது. பத்து வருஷம் கழித்து அதே ஹென்லியில் கொத்தனார் கெல்லியின் மகன் கோப்பை வாங்கினார்.

அமெச்சூர் என்ற வார்த்தை கேட்க அழகாக இருக்கும். பணத்துக்காக ஆடக் கூடாது என்பது அதன் பொருள். பரம்பரைச் சொத்து இருப்பவனுக்கு அதில் கஷ்டமில்லை. நூர்மி யார்? தச்சரின் மகன். பன்னிரண்டு வயதில் தகப்பனை இழந்து, படிப்பை நிறுத்தி, ரொட்டிக் கடையில் எடுபிடிப் பையனாகத் தள்ளுவண்டி தள்ளியவர். பந்தயத்துக்குப் போனபோது பணம் வாங்கினார் என்று குற்றம் சாட்டி 1932 ஒலிம்பிக்கில் அவரை ஓடவிடாமல் தடுத்தார்கள். ஒன்பது தங்கம் வாங்கிய மனிதருக்கு அதுவே கிடைத்த மரியாதை!

பதக்கப் பட்டியலின் கணக்கையும் கவனிக்க வேண்டும். பாரீஸில் குளத்து நீச்சலுக்கு மட்டும் 35 தங்கங்கள் இருந்தன. ஹாக்கிக்கு இரண்டே இரண்டு. பதினோரு பேர் மைதானத்தில் நின்று இரண்டு வாரம் போராடினால் ஒரு தங்கம். மைக்கேல் ஃபெல்ப்ஸ் என்ற ஒரே நீச்சல்காரர் தன் வாழ்நாளில் வாங்கிய தங்கம் 23. இந்தியா 2024 வரை, எல்லா விளையாட்டிலும் சேர்த்து, வாங்கிய தங்கம் 10. எந்த விளையாட்டுக்கு எத்தனை தங்கம் என்று தீர்மானிக்கும் மேஜையில் யார் உட்கார்ந்திருந்தார்களோ அவர்கள் வீட்டு விளையாட்டு பட்டியலில் முன்னால் நிற்கிறது.

புல் தரை போனது

அந்தப் பத்துத் தங்கத்தில் எட்டு ஹாக்கியில் வந்தவை. 1928 முதல் 1956 வரை தொடர்ந்து ஆறு. பிறகு 1964, 1980. 1936 பெர்லின் இறுதி ஆட்டத்தில் ஹிட்லரின் ஜெர்மனியை 8-1 என்று தோற்கடித்தோம். சுதந்திரம் பெற்ற மறு வருஷம் லண்டனிலேயே, நம்மை ஆண்ட பிரிட்டனை 4-0 என்று தோற்கடித்தோம்.

அந்த அணிகளில் இருந்தவர்கள் யார்? 1928 அணியின் தலைவர் ஜெய்பால் சிங் சோட்டா நாக்பூரின் முண்டா ஆதிவாசி. தியான் சந்த் பட்டாளத்துச் சிப்பாய். பஞ்சாபில் ஜலந்தர் பட்டாள முகாமை ஒட்டிய சன்சார்பூர் என்ற ஒரே கிராமத்திலிருந்து பதினான்கு பேர் ஒலிம்பிக் ஹாக்கி ஆடினார்கள். ஒரு புல் தரை, ஒரு வளைந்த கழி, ஒரு பந்து இருந்தால் போதும். பட்டாளமும் ரயில்வேயும் போலீஸும் வேலை கொடுத்தன. கென்யாவில் ஓட்டத்துக்குத் திறந்த அதே வழி நம் தேசத்தில் ஹாக்கிக்குத் திறந்திருந்தது.

1976-ல் மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் ஹாக்கி முதன்முதலாகச் செயற்கைப் புல் தரையில் நடந்தது. அந்தத் தடவை இந்தியா ஏழாவது இடத்துக்குப் போயிற்று. 1980-ல் மாஸ்கோவில், நம் தமிழகத்தைச் சேர்ந்த வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் தங்கம் வந்தது. பல வலுவான நாடுகள் அந்த ஒலிம்பிக்குக்கு வரவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதற்கப்புறம் நாற்பது வருஷங்களுக்கு மேல் ஒரு பதக்கமும் இல்லை. 2008-ல் ஒலிம்பிக்கில் ஆடும் தகுதிகூடக் கிடைக்கவில்லை.

செயற்கைத் தரை போடக் கோடிக் கணக்கில் பணம் வேண்டும். அதற்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். சில வருஷங்களுக்கு ஒரு முறை பெயர்த்துப் புதிதாகப் போட வேண்டும். ஹாலந்தில் சின்ன ஊர் கிளப்புக்கும் அந்தத் தரை கிடைத்தது. நம் கிராமத்துப் பையன் மண் தரையிலும் புல் தரையிலும் பழகிவிட்டு, பெரிய போட்டிக்கு வந்த பிறகே அந்தத் தரையைக் கண்ணால் பார்த்தான். பந்து ஓடும் வேகமே வேறு. கால் பதியும் விதமே வேறு. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று பழமொழி சொல்லி நம்மைக் கேலி செய்கிறார்கள். இந்த விஷயத்தில் கூடமே மாறித்தான் போயிருந்தது!

தரை ஒன்றே காரணம் என்று நாம் சொல்லவில்லை. சங்கங்களைப் பிடித்துக்கொண்ட பிரமுகர்களின் சண்டையும், கிரிக்கெட்டைத் தவிர வேறெதிலும் காசு போடாத முதலாளிகளின் கணக்கும் அதில் சேர்ந்தே இருந்தன. ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். ஆதிவாசிப் பிள்ளைகள் மூங்கில் கழியில் ஹாக்கி ஆடும் சுந்தர்கர் பகுதி இருக்கும் ஒடிசா மாநிலத்தில், சர்க்கார் விடுதிகளும் செயற்கைத் தரைகளும் அமைத்தது. 2018 முதல் தேசிய அணியின் செலவையே அந்த மாநில சர்க்கார் ஏற்றது. டோக்கியோவில் வெண்கலம் வந்தது. பாரீஸில் மறுபடியும் வெண்கலம் வந்தது. ரத்தம் அதே ரத்தம்தான். தரை கிடைத்தது, கை பேசிற்று.

இரண்டு பாதைகள்

அப்படியானால் சர்க்கார் பணத்தைக் கொட்டினால் போதுமா? போதாது. பணம் யாருக்காகக் கொட்டப்படுகிறது என்று பார்க்க வேண்டும்.

கிழக்கு ஜெர்மனியில் ஒரு கோடியே எழுபது லட்சம் ஜனங்கள் இருந்தார்கள். 1976-ல் அந்த நாடு 40 தங்கம் வாங்கி அமெரிக்காவையே பின்னுக்குத் தள்ளிற்று. பெண்கள் நீச்சலில் இருந்த 13 தங்கங்களில் 11 அவர்களுக்கு. ஒவ்வொரு ஊரிலும் மைதானமும் பயிற்சியாளரும் இருந்தது உண்மை. ஆனால் 1974 முதல் சர்க்காரே ரகசியத் திட்டம் போட்டு, விளையாட்டுக்காரர்களுக்கு ஊக்க மருந்து கொடுத்ததும் உண்மை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுச் சிறுமிகளுக்கும் வைட்டமின் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். அவர்களில் பலர் வாழ்நாள் முழுவதும் நோயோடு போராட நேர்ந்தது. 2000-ம் ஆண்டில் அதன் தலைவர்கள் பெர்லின் நீதிமன்றத்தில் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. இதை நாம் மூடி மறைக்கத் தேவையில்லை. உழைக்கும் மக்களின் பெயரைச் சொல்லி, உழைக்கும் மக்களின் குழந்தைகளின் உடம்பைப் பதக்கத்துக்காகப் பலி கொடுத்தது குற்றம். எந்தக் கொடியின் கீழ் நடந்தாலும் அது குற்றமே.

இன்னொரு பாதையும் உண்டு. பிரிட்டன் 1996-ல் ஒரே ஒரு தங்கம் வாங்கித் தலைகுனிந்தது. லாட்டரிச் சீட்டு விற்ற பணத்தை எடுத்துப் பதக்கம் வரும் விளையாட்டுகளுக்கு மட்டும் கொட்டிற்று. 2012-ல் 29 தங்கம் வந்தது. லாட்டரிச் சீட்டு வாங்குகிறவர்களில் ஏழைகள் ஏராளம். அந்தப் பணம் தாராளமாகப் போய்ச் சேர்ந்த படகும் குதிரையும் பணக்காரப் பள்ளிக்கூடங்களின் விளையாட்டுகள். பதக்கம் பெருகிய அதே தேசத்தில் பள்ளி மைதானங்கள் விற்கப்பட்டும் வந்தன.

நார்வேயைப் பாருங்கள். ஜனத்தொகை சுமார் 55 லட்சம். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கம் உட்பட 37 பதக்கங்கள் பெற்று உலகத்தின் முதலிடத்தில் நின்றது. பனி இருக்கிறது, மலை இருக்கிறது, செல்வமும் இருக்கிறது; மறுப்பதற்கில்லை. ஆனால் குழந்தைகளை அந்த நாடு நடத்தும் விதம் கவனிக்கத்தக்கது. பதினோரு வயது வரை குழந்தைகளுக்கு முதலிடம், கடைசி இடம் என்று வரிசைப் பட்டியல் போடக் கூடாது. பதின்மூன்று வயது வரை தேசியப் போட்டிகள் கூடாது. எல்லாக் குழந்தையும் ஆடட்டும், சந்தோஷமாக ஆடட்டும், ஜெயிப்பதைப் பிறகு பார்ப்போம் என்பது அங்கே விதி. எல்லாக் குழந்தையும் களத்தில் இருந்தால் திறமையுள்ள குழந்தை எங்கே ஒளிய முடியும்?

இது வானத்திலிருந்து விழவில்லை. நார்வேயில் 1919-லேயே எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. வேலை முடிந்து மிச்சமிருக்கும் மாலைப் பொழுதை என்ன செய்வது என்ற கேள்வி தொழிலாளிக்கு எழுந்தது. 1924-ல் தொழிலாளர்கள் தங்களுக்கென விளையாட்டுச் சம்மேளனம் அமைத்துக்கொண்டார்கள். கனவான்களின் சங்கமும் தொழிலாளரின் சங்கமும் யுத்தத்துக்குப் பிறகு, 1946-ல், ஒன்றாயின. ஐரோப்பாவெங்கும் அப்படிப்பட்ட சங்கங்கள் இருந்தன. 1925-ல் பிராங்க்பர்ட்டிலும், 1931-ல் வியன்னாவிலும், 1937-ல் ஆண்ட்வெர்ப்பிலும் தொழிலாளர் ஒலிம்பிக்குகள் நடந்தன. வியன்னாவில் கூடிய கூட்டம், மறு வருஷம் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த கனவான்களின் ஒலிம்பிக்கைவிடப் பெரியது. அங்கே யாரும் யாரிடமும் நீ கொத்தனாரா என்று கேட்கவில்லை.

நாம் கேட்க வேண்டியது

இத்தனை தேசங்களின் கதையிலிருந்து தெரிவது ஒன்றுதான். பதக்கம் மரத்தில் தொங்கும் கனி அல்ல, ஓடிப் போய்ப் பறிப்பதற்கு. அது பயிர். நிலம் வேண்டும், அது மைதானம். நீர் வேண்டும், அது குழந்தையின் வயிற்றுக்குப் போகும் பாலும் முட்டையும் பருப்பும். உழவன் வேண்டும், அவர் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர். காலம் வேண்டும், அது தாய் தகப்பனுக்கும் பிள்ளைக்கும் கிடைக்கும் ஓய்வுப் பொழுது. விளையும் பயிர் முளையிலே தெரியும் என்கிறோம். முளை தெரிகிறது, தண்ணீர் ஊற்றத்தான் ஆள் இல்லை.

ஆகவே டீக்கடையில் அந்தக் கேள்வி எழும்போது நாம் திருப்பிக் கேட்போம். உன் மகன் படிக்கும் பள்ளிக்கூடத்தில் ஓடுவதற்கு இடம் இருக்கிறதா? விளையாட்டுப் பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்கிறாரா? டிரில் மாஸ்டர் பதவி எத்தனை வருஷமாகக் காலியாகக் கிடக்கிறது? ஊர்ப் பொது மைதானத்தை வளைத்துப் போட்டவர் யார்? உன் மகள் பருவமடைந்த மறுநாளே அவளுக்கு விளையாட்டு முடிந்துபோகிறதே, அது யார் போட்ட சட்டம்? சேரிப் பிள்ளையும் ஊர்ப் பிள்ளையும் ஒரே பந்தை உதைக்க முடிகிறதா?

இவற்றுக்குப் பதில் கிடைக்காமல் தங்கம் எத்தனை என்று எண்ணுவது, விதை விதைக்காத வயலில் நின்று மூட்டை எத்தனை என்று எண்ணுவதாகும்.

தொழிற்சங்கங்களும் விவசாயத் தொழிலாளர் சங்கங்களும் கூலியைக் கேட்பது போலவே மைதானத்தையும் கேட்க வேண்டும். பஞ்சாயத்துக் கூட்டத்தில் மனுக் கொடுக்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு ஒரு டிரில் மாஸ்டர், ஊருக்கு ஒரு மைதானம், பிள்ளைக்குத் தினமும் ஒரு மணி நேர விளையாட்டு. இது சர்க்கார் கஜானாவை மூழ்கடிக்கும் கோரிக்கையல்ல.

இப்படிச் செய்தால் அடுத்த ஒலிம்பிக்கிலேயே தங்கம் கொட்டும் என்று நாம் ஆசை காட்டப் போவதில்லை. ஒரு தலைமுறை ஆகலாம். வராமலே போனாலும் நஷ்டமில்லை. ஓடி ஆடி வளர்ந்த பிள்ளையின் நுரையீரல் அவனுக்கே சொந்தம்; நிமிர்ந்த முதுகு அவளுக்கே சொந்தம். கழுத்தில் பதக்கம் சிலருக்கே கிடைக்கும். மைதானம் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்குவோம்.